ஊர்ப் பெருநாளும் புதிதாய் வந்தவரும்

பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களின் கோடை விழா சொல்லும் செய்தி



ஓர் ஊருக்குப் புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு ஆண்டிலேயே மிக நீளமான நாள் எது? அந்த ஊரின் பெருநாள்தான் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். மற்ற நாட்களில் வேலை, தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு என்று பொழுது போய்விடும். பெருநாளன்று ஊரவர் எல்லோரும் புத்தாடையோடு ஒரு பக்கம் கூடி நிற்பார்கள்; வந்தவர்கள் மதிலோரமாக மற்றப் பக்கம் நிற்பார்கள். எவரும் துரத்துவதில்லை, எவரும் கூப்பிடுவதுமில்லை. இடம்பெயர்ந்து வாழ்ந்த, இன்னும் வாழ்கின்ற எமது கமக்காரக் குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த இடைவெளி எம்மவருக்கு மட்டும் உரியதல்ல. பிரான்ஸ் நாட்டின் கிராமங்களிலும் இது உண்டு. கோடை விடுமுறைக் காலத்தில் குருக்கள் போதாத பங்குகளில் உதவிப் பணி செய்ய ஆசிய, ஆபிரிக்க நாட்டுக் குருக்கள் அங்கு செல்வது வழக்கம். நானும் அவ்வாறு தென் பிரான்சின் அவெய்ரோன் என்ற மலைப்பாங்கான மாவட்டத்தில் ஒரு கோடையைக் கழித்தேன். அங்கே ஒரு சிறு கிராமத்தின் மூன்று நாள் விழாவில் மனம் நிறைந்து பங்குபற்றக் கிடைத்தது. அந்த விழா எவ்வாறு ஒழுங்கு செய்யப்படுகிறது, புதிதாக வந்தவர் அதில் எவ்வாறு தமக்கென ஓர் இடத்தைப் பெறுகிறார் என்பவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு விழா, பல பெயர்கள்

பிரான்சில் ஏறக்குறைய 35,000 உள்ளூராட்சிப் பிரிவுகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரும் ஒரு சபையும் உண்டு. பெரும்பாலும் ஊர் நடுவே ஒரு பழைய கோயில், அதற்கொரு பாதுகாவலர், கோடையில் ஒரு விழா என்பனவும் இருக்கும்.

விழாவின் பெயர் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். வடக்கே பெல்ஜிய எல்லையோரத்தில் அதைத் 'துக்காஸ்' என்பார்கள். கோயிலின் அபிஷேகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. அதே பகுதியில் வழங்கும் 'கெர்மெஸ்' என்பதற்குக் 'கோயில் பூசை' என்பதே மூலப்பொருள். மேற்குக் கடலோரமான பிரெத்தாஞ் மாகாணத்தில் அது 'பார்தோன்', அதாவது 'மன்னிப்பு'. அங்கே சாந்த் ஆன் தோரே என்ற ஊரில் ஜூலை 26ஆம் திகதி நடைபெறும் புனித அன்னம்மாளின் பெருநாள் பெயர் பெற்றது. 1620களில் புனித அன்னம்மாள் காட்சி கொடுத்ததாக அங்கு நம்பப்படுவது நிக்கொலாசிக் என்ற ஏர் பிடித்த ஓர் உழவருக்கே. தெற்கே போனால் 'நேர்ச்சை விழா' என்ற பொருள்படும் பெயரைக் கேட்கலாம்.

இவற்றோடு நாடு முழுவதற்கும் பொதுவான இரு நாட்கள் கோடையில் வருகின்றன. ஒன்று ஜூலை 14. 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய தினமாக்கப்பட்டது. மற்றது ஓகஸ்ட் 15, தேவ அன்னையின் விண்ணேற்புப் பெருநாள். 1638இல் மன்னன் 13ஆம் லூயி தன் நாட்டைத் தேவ அன்னைக்கு ஒப்புக்கொடுத்த காலம் தொட்டு அந்நாள் அங்கு சிறப்புப் பெற்றது. இன்றும் அது அரசாங்க விடுமுறை நாள். மடுத்தாயின் ஆவணிப் பெருநாளும் அதுவே என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பாதுகாவலரின் நாள் மாரிகாலத்தில் வந்தாலும் பல ஊர்கள் விழாவை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களுக்கு மாற்றிக்கொண்டன. அப்போது வைக்கோலும் தானியமும் வீடு சேர்ந்திருக்கும், மழை குறைவு, இரவு பத்து மணி அளவிலும் மேற்கு வானில் வெளிச்சம் தங்கியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வரும் காலம் அது.

போனவர்கள், இருந்தவர்கள், வந்தவர்கள்

அவெய்ரோனில் 1886ஆம் ஆண்டில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். இன்று 2 இலட்சத்து 80 ஆயிரம் அளவிலேயே உள்ளனர். கல் நிறைந்த மண், நீண்ட பனிக்காலம், பிள்ளைகளிடையே பங்கிடப் போதாத காணி. இவை இளைஞரை வெளியே தள்ளின. 1884இல் சுமார் 40 குடும்பங்கள் கடல் கடந்து ஆர்ஜென்டீனாவுக்குச் சென்று பிகுவே என்ற ஊரை நிறுவின. ஏராளமானோர் பாரிஸ் நகரை நாடினர். அங்கே மாடி வீடுகளுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் சுமந்தார்கள். பின்னர் கரிக்கடை வைத்தார்கள். கரிக்கடையின் மூலையில் வைன் விற்றார்கள். காலப்போக்கில் பாரிஸ் நகரக் கோப்பிக் கடைகளில் பெரும்பகுதி இப்பகுதி மக்களின் கைக்கு வந்தது.

போன இடத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ஊர் சங்கம் அமைத்தார்கள். இவர்களுக்கும் அயல் மாகாணமான ஓவேர்ஞ் மக்களுக்குமாக லூயி பொன்னே என்பவர் 1882இல் பாரிஸில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். குறைந்த கட்டணத்தில் ஊர் சென்று வருவதற்கென அவர் ஒழுங்கு செய்த புகையிரதங்களை மக்கள் அவர் பெயராலேயே அழைத்தனர். நான்கைந்து தலைமுறைக்குப் பிறகும், ஓகஸ்ட் மாதம் வந்தால் அவர்களின் வழித்தோன்றல்கள் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்க வருகிறார்கள். சில ஊர்களில் அம்மாதம் சனத்தொகை இரட்டிப்பாகிவிடும்.

இவர்களைத் தவிர மூன்றாவது கூட்டமும் உண்டு. அவர்கள் புதிதாய் வந்தவர்கள். 1968ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பின் நகரத்தை வெறுத்து ஆடு வளர்க்க வந்த இளைஞர்கள், பழைய கல்வீடுகளை வாங்கிய ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும், இளைப்பாறிய நகரத்துக் குடும்பங்கள், அண்மைக் காலத்தில் சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து அகதிகளாக வந்து கிராமங்களில் தங்கவைக்கப்பட்டோர் என்று அவர்கள் பலவகையினர். எம் தமிழ் மக்கள் பெரும்பாலும் பாரிஸைச் சுற்றியே வாழ்வதால் இக்கிராமங்களில் அவர்களைக் காண்பது அரிது.

இருந்தவர்களுக்கு வந்தவர்கள் தேவைப்படுகிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும். வாங்குவோர் குறைந்தால் பாண் கடை மூடப்படும். கை குறைந்தால் விழா நின்றுவிடும். ஆளில்லாமல் விழாக் குழு கலைந்துபோன கிராமங்கள் பல. ஆகவே புதியவருக்குக் கதவு திறப்பது அங்கே இரக்கத்தால் மட்டும் நடப்பதல்ல; ஊர் உயிரோடிருக்கவும் அது வேண்டும்.

விழாக் குழுவும் சட்டமும்

கிராம விழாவைக் கோயிலோ மேயரோ தனித்து நடத்துவதில்லை. அதற்கென ஒரு விழாக் குழு இருக்கிறது. 1901ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதிச் சட்டத்தின் கீழ் எந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கலாம். எமது கச்சேரிக்கு ஒப்பான மாவட்ட அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தால், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கவும் ஒப்பந்தம் செய்யவும் அதற்கு உரிமை கிடைக்கும். பெரும்பாலான விழாக் குழுக்கள் இவ்வாறு அமைந்தவையே. இலாபத்தை உறுப்பினர் தமக்குள் பங்கிட முடியாது.

ஒரு காலத்தில் பிறநாட்டவருக்கு இந்த வாசல் அகலத் திறந்திருக்கவில்லை. 1939ஆம் ஆண்டு ஆணையொன்றின்படி பிறநாட்டவரின் சங்கங்களுக்கு அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதிச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர் மேயராக முடியாது. ஆனால் விழாக் குழுவில் பொருளாளராகலாம், தலைவராகவும் வரலாம். நாட்டின் அரசியலில் வாக்கில்லாத ஒருவர், ஊரின் பொதுக் காரியமொன்றில் கையொப்பமிடும் பொறுப்பை ஏற்க முடிகிறது. இது சிறிய காரியமல்ல.

குழு கூடுவது குளிர்காலத்தில். இசைக்குழுவைப் பேசுதல், காப்புறுதி, பாட்டுகளுக்கான உரிமைப் பணம், வாணவேடிக்கைக்கான அனுமதி என்று வேலை நீளும். சென்ற ஆண்டின் வரவு செலவு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். சாப்பாட்டுச் சீட்டு, குடிபானக் கொட்டில், லொத்தர் ஆகிய மூன்றுமே முக்கிய வருமானம். உள்ளூராட்சிச் சபையும் சிறிது உதவும். கணக்கு வெளிப்படையாக இருப்பதால் புதியவர்கூடத் தயங்காமல் கேள்வி கேட்கலாம்.

கதவைத் தட்டும் இளைஞர்

விழாவுக்கு முன்னைய நாட்களில் குழுவின் இளைஞர் வீடு வீடாகச் செல்வார்கள். அவெய்ரோனில் அவர்கள் கொண்டு வருவது 'புவாஸ்' எனப்படும் இனிப்புப் பாண். மஞ்சள் நிறமாக, தோடம்பூ வாசனையோடு, பெரிய வளையம்போல் இருக்கும். அதைப் பெற்றுக்கொண்டு வீட்டார் இயன்றதைக் கொடுப்பார்கள். வேறு சில மாவட்டங்களில் வாத்தியத்தோடு வந்து வாசலில் ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் பணம் சேர்ப்பார்கள்.

பார்ப்பதற்கு இது வெறும் நிதி சேகரிப்பு. ஆனால் எந்தக் கதவும் விடப்படாமல் தட்டப்படுகிறது என்பதே இதன் சிறப்பு. ஊருக்கு நேற்று வந்தவரின் கதவும் தட்டப்படும். அவர் கொடுக்கும் காசு இரண்டு ஈரோவானாலும் அதன் பின் விழா அவருடையதுமாகிறது. பெற்றுக்கொள்பவராக மட்டுமே வைக்கப்பட்டிருந்த ஒருவரிடம் ஊர் ஒன்றைக் கேட்கிறது. அப்படிக் கேட்கப்படுவதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பது நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு நன்கு புரியும்.

மூன்று நாட்கள்

நான் இருந்த கிராமத்தில் விழா வெள்ளி மாலையில் தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடிந்தது. வெள்ளி காலையே சந்தியில் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டி நிறைய மடிக்கும் மேசைகளும் வாங்குகளும். நான் பார்த்துக்கொண்டு நின்றபோது, குழுத் தலைவர், மாடு வளர்க்கும் ஒரு கமக்காரர், ஒரு நீள வாங்கின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "மொன் பேர், மற்ற முனையைப் பிடியுங்கள்" என்றார். 'என் தந்தையே' என்று குருவானவரை அழைக்கும் முறை அது. மரியாதையும் குறையவில்லை, வேலையும் நின்றுவிடவில்லை. மதியத்துக்குள் ஐம்பது வாங்குகள் இறக்கினோம். என் பெயரை அன்று மாலைக்குள் பலர் அறிந்திருந்தார்கள். அதற்கு முந்திய பத்து நாட்களில் நான் திருப்பலி ஒப்புக்கொடுத்தும் பிரசங்கம் வைத்தும் பெறாத அறிமுகம் அது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு 'திரிப்பூ' என்ற காலை உணவு. ஆட்டின் அல்லது கன்றின் குடலைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வேகவைத்துச் சூடாகப் பரிமாறுவார்கள். நகரத்திலிருந்து வந்த சிலர் முகம் சுளித்தார்கள். குடற்கறி தின்று வளர்ந்த எனக்கு அது சிரமமாக இருக்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். பரிமாறிய மூதாட்டி அன்று முதல் எனக்கு உறவினர்போல் ஆனார்.

பதினொரு மணிக்குத் திருப்பலி. ஒரு குருவானவர் இருபது, முப்பது கோயில்களுக்குப் பொறுப்பாயிருக்கும் இக்காலத்தில், சில கிராமக் கோயில்களின் கதவு திறக்கும் நாட்கள் மிகச் சில. அவற்றுள் பெருநாள் ஒன்று. 1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அக்காலத்துக்கு முந்திய பங்குக் கோயில்கள் உள்ளூராட்சிச் சபையின் சொத்து. ஆகவே கூரை ஒழுகினால் மேயர்தான் கவலைப்பட வேண்டும். நம்பிக்கை இல்லாதவர்களும் அன்று பின்வரிசையில் வந்து நிற்பார்கள். தங்கள் தாய் தந்தையர் அங்கே நின்றார்கள் என்பதே அவர்களுக்குப் போதுமான காரணம்.

பின்னேரம் சந்தி முழுவதும் மேசைகள். சாப்பிட வருவோர் தங்கள் கோப்பை, கத்தி, முள்ளுக்கரண்டியைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதியிருக்கும். பணக்காரரும் கூடையில் தட்டோடு வருவார். அகதியும் பையில் தட்டோடு வருவார். குடிபானத்துக்குக் கனமான பிளாஸ்ரிக் குவளை தருவார்கள். ஒரு ஈரோ பிணைப்பணம். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும். மறுநாள் ஊரில் குப்பை மிகக் குறைவு.

நீள மேசையில் எவர் அருகில் எவர் என்ற ஒழுங்கில்லை. என் எதிரே இருந்த வயோதிபர் முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் ஊரில் மாடு எத்தனை?" என்பதுதான். மாட்டிலிருந்து பேச்சு நெல்லுக்குப் போனது. குளத்து நீரை எப்படிப் பங்கிடுகிறோம், விதைநெல்லை எவ்வாறு காக்கிறோம் என்று கேட்டார். மேசைத் தாளில் குளமும் வாய்க்காலும் கீறிக் காட்டினேன். சாதாரண பிரெஞ்சு உரையாடலில் தடுமாறும் என் நாக்கு, கமத்தைப் பற்றிப் பேசியபோது அவ்வளவு தடுமாறவில்லை. உழுதவனுக்கும் உழுதவனுக்கும் இடையில் மொழி அரைப்பங்கு வேலைதான் செய்கிறது.

கிடாரத்தில் கிண்டும் 'ஏதாவது'

அன்றிரவின் முக்கிய உணவு 'அலிகோ'. அவித்து மசித்த உருளைக்கிழங்கோடு வெண்ணெய், பாலாடை, உள்ளி, புளிக்காத இளம் பாற்கட்டி ஆகியவற்றைச் சேர்த்து, பெரிய கிடாரத்தில் படகுத் துடுப்புப்போன்ற மர அகப்பையால் கிண்டுவார்கள். பாற்கட்டி உருகி இழுபடத் தொடங்கியதும், அகப்பையை ஆள் உயரத்துக்குத் தூக்கினாலும் நூல் அறாது. கிண்டுவதற்குத் தோள் வலிமை வேண்டும். ஒருவர் களைத்ததும் மற்றவர் வாங்கிக்கொள்வார்.

இந்த உணவுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஓப்ராக் மலையில் 12ஆம் நூற்றாண்டில் ஒரு மடம் அமைக்கப்பட்டது. ஸ்பெயினில் உள்ள புனித யாகப்பரின் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் பனியில் வழி தவறாதிருக்க அங்கே மணி அடிக்கப்பட்டது. களைத்து வந்தவர்கள் வாசலில் நின்று 'ஏதாவது' என்று இலத்தீன் மொழியில் கேட்பார்களாம். 'அலிக்குயித்' என்ற அந்தச் சொல்லே அலிகோ ஆயிற்றாம். துறவிகள் பாணையும் பாற்கட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாணின் இடத்தை உருளைக்கிழங்கு பிற்காலத்தில் பிடித்தது. சொல்லின் பிறப்பு எவ்வாறாயினும், வழிப்போக்கருக்கு ஊற்றிய உணவு என்றே அம்மக்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். தம் மாவட்டத்தின் பெருமையாக அவர்கள் காட்டுவது அந்த உணவையே.

சீட்டுக் குலுக்கிச் சேரும் கூட்டாளி

கோடை விழாவில் தவறாமல் நடப்பது 'பெத்தாங்' என்ற இரும்புக் குண்டு விளையாட்டு. ஒரு சிறு மரப்பந்தை 6 மீற்றருக்கும் 10 மீற்றருக்கும் இடைப்பட்ட தூரத்தில் எறிவார்கள். அதற்கு மிகக் கிட்டத் தம் குண்டை விழுத்துவோருக்குப் புள்ளி. 13 புள்ளி எடுத்தவர் வெற்றி பெறுவார். குண்டு ஒன்றின் நிறை 650 முதல் 800 கிராம் வரை.

இவ்விளையாட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்செய் நகருக்கு அருகிலுள்ள லா சியோத்தாவில் பிறந்தது. அதற்கு முன் ஓடிவந்து எறியும் விளையாட்டே அப்பகுதியில் வழக்கம். மூட்டு வருத்தத்தால் ஓட முடியாத ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் கதிரையில் இருந்து பார்க்க நேர்ந்ததாம். அவருக்காக நண்பர்கள் தூரத்தைக் குறைத்து, கால்களை ஊன்றி நின்றே எறியும் விதியை ஏற்படுத்தினார்கள் என்பது வரலாறு. 'ஊன்றிய பாதம்' என்பதே பெயரின் பொருள். ஒருவரை வெளியே வைக்காமலிருக்க விதியை மாற்றினார்கள். இன்று உலகெங்கும் அதை விளையாடுகிறார்கள்.

கிராம விழாக்களில் பல வேளைகளில் சீட்டுக் குலுக்கியே கூட்டாளிகள் சேர்க்கப்படுகிறார்கள். நண்பரோடு நண்பர் என்று முன்கூட்டியே குழுச் சேர முடியாது. காணி உடைய முதலாளிக்குப் பள்ளிச் சிறுவன் கூட்டாளியாகலாம்; மேயருக்குப் புதிதாய் வந்த ஆங்கிலேயப் பெண் கூட்டாளியாகலாம். எனக்குக் கிடைத்தவர் தபாற்காரர். முதற் சுற்றிலேயே தோற்றோம். ஆனால் அதன் பிறகு அவர் ஒவ்வொரு காலையும் மோட்டார் வண்டியை நிறுத்தி, "பொன்ஜூர், கூட்டாளி" என்று சொல்லாமல் போனதில்லை.

கல்லில் எழுதிய பெயர்கள்

திருப்பலி முடிந்ததும் கூட்டம் கொடியோடு ஊர் நடுவே உள்ள நினைவுக்கல்லுக்குச் சென்றது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் 13 இலட்சத்துக்கும் அதிகமான படைவீரரை இழந்தது. அவர்களுள் பெருந்தொகையினர் கமக்காரரின் பிள்ளைகள். பெயர் பொறித்த கல் இல்லாத கிராமம் காண்பது அரிது. இன்று நூறு பேர் வாழும் ஊரிலும் முப்பது பெயர்களைக் காணலாம். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வரும்.

மேயர் மலர்வளையம் வைத்தார். ஒரு நிமிடம் மௌனம். ஆட்டமும் பாட்டும் நிறைந்த நாளின் நடுவில் அந்த ஒரு நிமிடத்தை அவர்கள் விடுவதில்லை. துக்கம் இருப்பதால் விழா வேண்டாம் என்றும் சொல்வதில்லை. விழா இருப்பதால் துக்கத்தை மறைப்பதுமில்லை. புதிதாய் வந்தவருக்கும் அந்தக் கல் உதவுகிறது. இந்த மக்கள் எதை இழந்தவர்கள் என்பதை அவர் அங்கே வாசிக்கிறார். தமக்கும் அவ்வாறு பெயர்கள் இருந்தால் அவற்றையும் அந்த மௌனத்தில் நினைத்துக்கொள்கிறார். என் அருகில் தலை குனிந்து நின்ற சிரிய நாட்டுத் தகப்பனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

எல்லாம் இனிமையல்ல

இதையெல்லாம் வாசித்து, அங்கே வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் பூசலே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நகரத்திலிருந்து அமைதி தேடி வந்தவர்கள் கோயில் மணிக்கும், மாட்டுச் சாணத்துக்கும், விழா இரவின் பாட்டுக்கும் எதிராக முறைப்பாடு செய்வதுண்டு. ஒலேரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல் அதிகாலையில் கூவியதற்கே வழக்குப் போட்டார்கள். 2019 செப்ரெம்பரில் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரி 29ஆம் திகதிச் சட்டமொன்று கிராமத்தின் ஓசைகளையும் வாசனைகளையும் நாட்டுப்புறத்தின் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது.

மறுபக்கமும் உண்டு. ஒரே ஊரில் இருபது ஆண்டு வாழ்ந்தும் 'வெளியாள்' என்ற பெயர் மாறாதவர்கள் இருக்கிறார்கள். குழுவில் மூன்று குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகப் பதவி வகிப்பதும், புதியவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை மட்டும் கொடுபடுவதும் நடக்கத்தான் செய்கிறது. கறுப்பு நிறத்தவரைக் கண்டு வாங்கில் சற்று விலகி அமர்ந்தவர்களையும் கண்டேன். ஆனாலும் பூசல் குறைந்திருந்த இடங்களை நான் அவதானித்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. அங்கே புதியவர்கள் முறையிடுவதற்கு முன் முதலில் வேலையில் சேர்ந்திருந்தார்கள். ஊரவர்கள் குறை சொல்வதற்கு முன் முதலில் கதவைத் தட்டியிருந்தார்கள்.

லார்சாக் மேட்டுநிலத்தின் அறுவடை விழா

இவ்வாறு இரு சாராரும் ஒன்றானால் என்ன நடக்கும் என்பதற்கு அதே மாவட்டத்தில் ஒரு சான்று உள்ளது. அவெய்ரோனின் தெற்கே லார்சாக் என்ற வறண்ட மேட்டுநிலம். அங்குள்ளோர் ரோக்போர் பாற்கட்டிக்குப் பால் தரும் செம்மறியாடுகளை வளர்ப்பவர்கள். 1971இல் அரசாங்கம் அங்கிருந்த 3,000 ஹெக்ரயர் இராணுவ முகாமை 17,000 ஹெக்ரயராக விரிவாக்கப் போவதாக அறிவித்தது. 1972 மார்ச் மாதத்தில் 103 கமக்காரர்கள் தங்கள் காணியை விற்பதில்லை என்று உறுதி எடுத்துக் கையொப்பமிட்டார்கள். காந்தியடிகளின் சீடரான லான்சா தெல் வாஸ்தோ அங்கே வந்து பதினைந்து நாள் உபவாசம் இருந்தார்.

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். உடை வேறு, பேச்சு வேறு, நம்பிக்கை வேறு. பழைய கமக்காரருக்கு அவர்களை முதலில் பிடிக்கவில்லை. பின்னர் ஒன்றாக ஆட்டுப்பட்டி கட்டினார்கள். 1974 ஓகஸ்டில் மேட்டுநிலத்தில் ஓர் அறுவடை விழா நடந்தது. இலட்சம் பேர் அளவில் கூடினார்கள். பறிபோகும் ஆபத்தில் இருந்த நிலத்தின் மக்கள், அன்று வரட்சியால் வாடிய ஏழை நாடுகளின் மக்களுக்காகக் கோதுமை சேர்த்தார்கள். 1981இல் ஜனாதிபதி மித்தரோன் விரிவாக்கத் திட்டத்தைக் கைவிட்டார். வந்த இளைஞருள் பலர் திரும்பிப் போகவில்லை. அங்கேயே ஆடு மேய்த்து, குடும்பமாகி, அந்த ஊரவர் ஆனார்கள். 1985இல் அரசு வாங்கியிருந்த 6,300 ஹெக்ரயர் நிலம் நீண்டகாலக் குத்தகையாகக் கமக்காரரின் பொதுச் சங்கமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

பிரான்ஸ் செல்வந்த நாடு. எமது நிலைமை வேறு. ஆயினும் ஊர்ப் பெருநாள் என்பது எங்கும் ஒரே வேலையைச் செய்கிறது. யார் ஊரவர், யார் அல்லர் என்பதை அது ஆண்டுக்கொருமுறை எல்லோருக்கும் காட்டுகிறது. அந்தக் கோட்டை அழிக்கவும் அதனால் முடியும்.

புதிதாய் வந்தவர் விருந்தினராக இருக்கும்வரை வெளியாளே. விருந்தினருக்குக் கதிரை கொடுப்பார்கள். ஊரவருக்கு வேலை கொடுப்பார்கள். ஆகவே இடங்கொடுத்த ஊரவர்களே, பந்தல் போடும்போது கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களே, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். வாங்கின் ஒரு முனை எப்போதும் தரையில் கிடக்கும். அதைத் தூக்குங்கள். விழா முடிந்த மறுநாள் காலை துப்புரவு செய்யவும் போங்கள். அந்தக் காலையில் கூட்டம் குறைவு, பேச்சு அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த ஊரின் பெருநாளில் சேர்ந்தால் சொந்த ஊர் மறந்துபோகும் என்று சில பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். பாரிஸுக்குப் போன அவெய்ரோன் மக்களைப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேலாக அந்நகரத்தில் வேரூன்றியும் தங்கள் ஊர்ப் பாதுகாவலரின் நாளை அவர்கள் விட்டுவிடவில்லை. சேர்ந்து நினைத்தார்கள், சங்கம் வைத்தார்கள், வழி கிடைத்தபோது திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். ஒரு மனிதருக்கு இரண்டு ஊர் இருக்கலாம். கோயில் இடிந்திருந்தாலும், காணி இன்னும் கையில் வராவிட்டாலும், உங்கள் ஊர் அம்மனின், அந்தோனியாரின், பிள்ளையாரின் நாளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்த நாளில் உங்கள் அயலவரையும் உங்கள் மேசைக்குக் கூப்பிடுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது கிராமத்தின் கடந்த பெருநாளில் புதிதாய் வந்த குடும்பங்களுக்கு என்ன பொறுப்புக் கொடுக்கப்பட்டது? கொடுக்கப்படவில்லையெனில் ஏன்?

2. பெருநாள் நிதிக்காக எந்த வீட்டுக் கதவையாவது 'பாவம், அவர்களிடம் என்ன இருக்கிறது' என்று தட்டாமல் விட்டோமா?

3. இழந்தவர்களை நினைப்பதற்கு எமது விழாவில் ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமா? அதை எல்லோருக்கும் பொதுவானதாக எவ்வாறு அமைக்கலாம்?

4. எமது சொந்த ஊரின் விழா நாளை இவ்வாண்டு எங்கே, யாரோடு சேர்ந்து கொண்டாடுவோம்?